மீட்கும் நாள்: ஏற்காட்டு மலைவீடுகளும் பூட்டிய வீடுகளின் சட்ட வரலாறும்

ஒரு வீடு வெறுமையாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. குடியிருந்தவர் தாமே அதை விட்டு நீங்கலாம். அல்லது கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த வீடு மீட்கப்படாமல், கடன் கொடுத்தவரின் கைக்குச் செல்லலாம். முதலாவதைக் கைவிடப்பட்ட வீடு என்கிறோம். இரண்டாவதைக் குறிக்க நம் மக்களிடையே பொருள் செறிந்த சொல் ஒன்று வழங்குகிறது. தவணை தப்பிய அடகு நகையைப் பற்றிச் சொல்வதுபோல, வீடு மூழ்கிப்போயிற்று என்கிறார்கள். தண்ணீரில் மூழ்கிய பொருள் கண்ணுக்குத் தெரியாது. மூழ்கிய வீடோ தெருவில் அதே இடத்தில் நிற்கிறது. அதன் திறவுகோல் மட்டும் வேறொருவரிடம் இருக்கிறது.

இவ்விரு வகை வீடுகளையும் நகரங்களும் அரசுகளும் எவ்வாறு நடத்தி வந்துள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்கு ஏற்காடு தகுந்த இடமாகும். கட்டியவர் ஒருவர், வாழ்ந்தவர் ஒருவர், இன்று பூட்டி வைத்திருப்பவர் வேறொருவர் என்று சொல்லத்தக்க வீடுகள் அம்மலையில் பல. வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். வீடு யாருக்குச் சேரும் என்னும் கேள்விக்குச் சட்டங்கள் பலவாறு விடை கூறியுள்ளன. எனினும் அவற்றின் நேர்மையை அளந்தறிய உதவும் அளவுகோல் ஒன்றே: வீட்டை இழந்தவன் அதை மீட்டுக்கொள்ள அவனுக்கு எத்தனை நாள் கொடுக்கப்பட்டது?

1. மலையில் எழுந்த வீடுகள்

சேலம் நகருக்கு வடகிழக்கே எழும் சேர்வராயன் மலையின்மேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. இம்மலையின் பூர்வ குடிகளாக மதிக்கப்படுவோர் தமிழ் பேசும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தை விட்டு வந்த சகோதரர்கள் என்றும், அவர்களுள் மூத்தவன் சேர்வராயன் மலையில் குடியேறினான் என்றும் அவர்களுடைய மரபுக்கதை கூறுகிறது. ஆகவே இம்மலையில் குடியேறிய கதையின் தொடக்கத்திலேயே, எங்கோ விட்டு வந்த வீடுகளின் நினைவு இருக்கிறது.

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியாருக்குக் கைமாறியது. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரையும் ஐரோப்பியப் பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். அவரைப் பின்பற்றி ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்தனர். ஓய்வு பெற்ற அதிகாரிகளும் நோய் நீங்க விரும்பிய மிஷனெரிகளும் வந்தனர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியுடன் திருமறையைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மருமகனும், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவருமான இராபர்ட் புரூஸ் ஃபுட் தமது முதுமையில் இங்கே வீடமைத்து வாழ்ந்தார். அவர் 1912இல் கல்கத்தாவில் இறந்தபோதிலும், அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்திலேயே வைக்கப்பட்டது.

இவ்வீடுகளின் நிலைபேறு காப்பியின் விலையைச் சார்ந்திருந்தது. தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களை 1860களில் தண்டுத்துளைப்பான் வண்டு அரித்தது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் விரைவில் தென்னிந்தியாவிலும் பரவியது. இலங்கையில் காப்பித் தோட்டங்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. தோட்டம் அடைமானம் எழுதப்படும்போது நிலம், பங்களா, தொழிலாளர் வாழும் லயன்கள் ஆகிய அனைத்தும் ஒரே பத்திரத்துக்குள் அடங்கின. கடன் மூழ்கினால் அனைத்தும் சேர்ந்தே மூழ்கின.

இங்கே ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. துரையின் பங்களா வெறுமையானால் அதற்கு மற்றொருவர் கிடைத்தார். 1947க்குப்பின் ஐரோப்பியர் தாயகம் திரும்பியபோது தென்னிந்திய மலையூர்களின் பங்களாக்கள் இந்தியத் தோட்ட முதலாளிகளுக்கும் சமவெளி வணிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விலையாயின. லயன் வீட்டின் கதை வேறு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் அவ்வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை நின்றால் வீட்டில் தங்கும் உரிமையும் ஆட்டங்கண்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவனுக்கும், பத்திரம் இல்லாமையால், மீட்கும் நாள் என ஒன்று ஏற்படவே இல்லை. கைவிடப்பட்ட வீடுகளைப் பற்றிய கணக்கில் இத்தகைய வீடுகள் பெரும்பாலும் சேர்வதில்லை.

2. தவணை தப்பினால்

தமிழ்நாட்டில் வீட்டையும் நிலத்தையும் ஈடு வைக்கும் முறைகள் பல. கடன் கொடுத்தவரே சொத்தை அனுபவித்து வட்டிக்கு ஈடுசெய்துகொள்வது ஒத்தி அல்லது போக்கியம். குறித்த நாளில் பணத்தைச் செலுத்தாவிட்டால் அடைமானமே விற்பனையாக மாறிவிடும் என்று எழுதிக்கொள்வது தவணைக் கிரயம். வீட்டை மூழ்கச் செய்வதில் பின்னதே கொடியது. ஒரு நாள் பிந்தினாலும் அனைத்தும் போய்விடும்.

இத்தகைய நிபந்தனை எல்லா நாடுகளிலும் இருந்தது. உரோமப் பேரரசில் கான்ஸ்டன்டைன் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இதைத் தடை செய்தார். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டளவில் சான்சரி நீதிமன்றம், தவணை கடந்த பின்னும் கடனைச் செலுத்தி மீட்கும் உரிமையைக் கடனாளிக்கு வழங்கலாயிற்று. சென்னை மாகாணத்திலோ இக்கேள்வி பல ஆண்டுகள் இழுபறியாக இருந்தது. சென்னையின் சதர் அதாலத் நீதிமன்றம் 1858 முதல், தவணைக் கிரயமும் அடைமானமே, ஆதலால் தவணை தப்பினும் மீட்கலாம் என்று தீர்ப்பளித்து வந்தது. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1870இலும் 1875இலும் வந்த மேல்முறையீடுகளில் இக்கருத்தை ஏற்கவில்லை. எழுதிய ஒப்பந்தம் எழுதியவாறே நிற்கும் என்பதே இந்நாட்டின் பழைய சட்டம் எனக் கூறிற்று. எனினும் சென்னை நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகக் கைக்கொண்ட வழக்கத்தை அது உணராமல் இல்லை. இதைச் சட்டமியற்றித் தீர்ப்பதே முறை என்பதையும் சுட்டிக்காட்டியது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதைத் தீர்த்து வைத்தது. கடனைச் செலுத்தி ஈட்டை மீட்கும் உரிமை அச்சட்டத்தின் 60ஆம் பிரிவில் இடம் பெற்றது. அடைமானம் என்றைக்கும் அடைமானமே. எந்த நிபந்தனையாலும் அது விற்பனையாகிவிடாது என்பது அதன் அடிப்படை. பெரும்பாலான அடைமானங்களில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தின் மூலம் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவரலாமே அன்றித் தாமாக எடுத்துக்கொள்ள இயலாது. ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த தொகை வீட்டுக்காரரையே சேரும். மீட்பதற்குரிய காலவரம்பு 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 ஆண்டுகளாகவும், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 ஆண்டுகளாகவும் இருந்தது. ஒத்தியைப் பொறுத்தமட்டில், பணம் செலுத்தித் தீரும்வரை இக்கால ஓட்டம் தொடங்குவதே இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

ஆனால் 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளும் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் வேற்றுமை இருந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களிலுள்ள சொத்துகளில், பத்திரம் அனுமதித்தால், நீதிமன்றத்தை நாடாமலே கடன் கொடுத்தவர் விற்கலாம் என்று 69ஆம் பிரிவு இடமளித்தது. நாட்டுப்புறத்து மக்களுள் பெரும்பாலோரின் சொத்தை அவ்வாறு விற்க இயலாது. நகரத்து வீட்டுக்குக் குறுகிய நாள், நாட்டுப்புற வீட்டுக்கு நீண்ட நாள் என்னும் இந்த ஏற்பாடு புதியதன்று. இதற்கு மிகப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு.

3. மதில் சூழ்ந்த பட்டணத்தின் ஒரு வருடம்

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் யூபிலிச் சட்டத்தை நாம் நிலத்தைப் பற்றியதாகவே பெரும்பாலும் போதிக்கிறோம். அதன் நடுவே வீடுகளைப் பற்றிய சட்டமும் உள்ளது (லேவி. 25:29-34). மதில் சூழ்ந்த பட்டணத்தில் ஒருவன் தன் வீட்டை விற்றால், ஒரு வருடத்துக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம். அந்த வருடம் கடந்தால் வீடு வாங்கியவனுக்கே உறுதியாகும், யூபிலியிலும் திரும்பாது. மதில் இல்லாத கிராமத்து வீடுகளோ வயல்நிலத்தோடு எண்ணப்படும். அவை எப்பொழுதும் மீட்கப்படலாம், யூபிலியில் திரும்பவும் வேண்டும். காரணம் விளங்கக்கூடியதே. கிராமத்து வீடு, உழுபவனின் பிழைப்போடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. அதைப் பிரித்தால் நிலம் இருந்தும் அவன் நிலமற்றவனாவான். பட்டணத்து வீடோ வாணிபத்தின் போக்கில் கைமாறும் பொருளாயிற்று. எனினும் அங்கும் ஒரு முழு வருடம், ஓர் அறுவடைக் காலம், இழந்தவனுக்கு விடப்பட்டது.

கைவிடப்பட்ட வீட்டுக்கும் அங்கே சாட்சி உண்டு. பஞ்சத்தினிமித்தம் 7 வருடம் பெலிஸ்தரின் நாட்டில் தங்கித் திரும்பிய சூனேமியாள் தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் அரசனிடம் முறையிட்டாள். அரசன் ஓர் அதிகாரியை நியமித்து, அவள் நீங்கிய நாள்முதல் வந்த விளைச்சல் உட்பட யாவற்றையும் திருப்பிக் கொடுக்கச் செய்தான் (2 இராஜா. 8:1-6). பஞ்சத்தால் வெளியேறியவள் வீட்டைக் கைவிட்டவள் ஆகாள் என்பது இத்தீர்ப்பின் உட்பொருள்.

இரு சிக்கல்களும் ஒரே நகரில் சந்தித்ததை நெகேமியாவின் வரலாற்றில் காண்கிறோம். தானியத்துக்காகவும் அரசனின் வரிக்காகவும் மக்கள் வயல்களையும் வீடுகளையும் ஈடு வைத்திருந்தனர், அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நெகேமியா கடன் கொடுத்தோரைச் சபைமுன் கேட்டார் (நெகே. 5). அதே வேளையில் எருசலேம் விசாலமாய் இருந்தும் குடிகள் குறைவாயிருந்தனர் (7:4). ஆதலால் பத்தில் ஒருவர் நகரில் குடியேறச் சீட்டுப் போடப்பட்டது (11:1). நகரை மீண்டும் நிரப்பும் முயற்சிக்கு முன்பாகக் கடனால் பறிபோன வீடுகள் திருப்பப்பட்டன. இந்த வரிசை நமது சிந்தனைக்குரியது.

4. சேலத்து வழக்கறிஞரின் சட்டம்

நம் நாட்டில் கடனாளிக்கு நாள் கொடுத்த சட்டங்களுள் முதன்மையானது சேலத்தோடு தொடர்புடைய ஒருவரால் வந்தது. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் விளங்கிய ச. இராசகோபாலாச்சாரியார் 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1938இல் அவருடைய அமைச்சரவை உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை வீழ்ந்து, கடன் மட்டும் குறையாமல் நின்ற காலம் அது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1ஆம் நாள் நிலுவையிலிருந்த வட்டி முழுவதையும் அச்சட்டம் நீக்கியது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. 1948இல் சேர்க்கப்பட்ட திருத்தம், உழவரின் ஒத்தி நிலம் 30 ஆண்டுகள் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் இருந்திருந்தால் கடன் முற்றும் தீர்ந்ததாகும் என்றது. நெடுங்காலம் அனுபவித்தவனுக்குச் சொத்து சொந்தமாகும் என்பது பொதுவான எண்ணம். இத்திருத்தமோ நெடுங்கால அனுபவத்தையே கடனின் முடிவாக்கியது.

இச்சட்டமும் உழவருக்குரியதே, நகரத்தில் வாழ்பவனின் வீட்டுக்கடனுக்கு அது துணை நிற்கவில்லை. மலைவாழ் மக்களைப் பொறுத்தவரை மற்றொரு குறையும் இருந்தது. கடனுக்காகப் பழங்குடியினரின் நிலம் பிறருக்குப் போவதைத் தடுக்க, ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் 1959இல் தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, 1970இல் மேலும் வலுப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. சேர்வராயன் மலையும் அதற்கு விலக்கன்று. ஆகவே ஏற்காட்டு மலையாளி ஒருவரின் நிலமும் குடிசையும், சமவெளியில் எவருடைய சொத்தும் கைமாறுவதுபோல, ஒரு பத்திரத்தால் கைமாறக்கூடியனவாகவே இருந்து வந்துள்ளன.

5. வெறும் வீட்டை நகரம் நடத்திய விதம்

இதுவரை கடனால் இழந்த வீட்டைக் கண்டோம். பூட்டிக் கிடக்கும் வீட்டை நகரங்கள் எப்படி நடத்தின என்பதை இனிக் காண்போம்.

சென்னை மாகாணத்தின் பழைய நகராட்சிச் சட்டங்கள் காலியாயுள்ள வீட்டை வரிச்சலுகைக்கு உரியதாகக் கருதின. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில், ஓர் அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ வீடு வாடகைக்குப் போகாமல் காலியாயிருந்தால், அக்காலத்துக்குரிய வரியில் பாதிக்கு மேற்படாமல் தள்ளுபடி பெற இடமிருந்தது. வீடு வெறுமையாயிருப்பது உடைமையாளருக்கு நேர்ந்த நட்டம் என்பதே அன்றைய எண்ணம்.

போர் இவ்வெண்ணத்தை மாற்றியது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டணத்திலும் ஜப்பானியரின் குண்டுகள் விழுந்தபோது சென்னை மக்கள் திரளாக நகரை விட்டு வெளியேறினர். தெருத்தெருவாக வீடுகள் பூட்டப்பட்டன. அச்சத்தால் வந்த விலைக்கு விற்றுச் சென்றவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. நகரில் வீடு கிடைப்பதே அரிதாயிற்று. போர்க்காலக் கட்டளைகளாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீடு காலியான 7 நாளுக்குள் உடைமையாளர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அரசு அதைத் தன் தேவைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். காலி வீடு இப்போது பொதுத் தேவைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய பொருளாகக் கருதப்பட்டது. இம்முறையால் குறைகளும் விளைந்தன. வாடகை உயராமையால் பலர் வீட்டைப் பழுதுபாராமல் விட்டனர். சிலர் வாடகைக்கு விடவே அஞ்சினர். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அப்பழைய சட்டத்தை நீக்கியது. நீதிமன்றத்தில் வாதாடப்பட்ட வாடகையைப் பற்றிப் பலரும் பேசினர். 7 நாள் அறிவிப்பு மறைந்ததைப் பற்றிப் பேசியவர் சிலரே.

பிற நாடுகளின் அனுபவமும் கருதத்தக்கது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1973 முதல், கைவிடப்பட்ட வீடுகளை ஒரு டாலருக்குக் கொடுத்தது. பெறுபவர் அதைப் பழுதுபார்த்து அதில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2008ஆம் ஆண்டின் வீட்டுக்கடன் நெருக்கடியில் இலட்சக்கணக்கான வீடுகள் மூழ்கியபோது, அவற்றை நகரங்கள் வாங்கிச் சீர்செய்ய அந்நாட்டு அரசு 392 கோடி டாலர் ஒதுக்கியது. இங்கிலாந்தின 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், நெடுநாள் காலியாயுள்ள வீட்டின் உரிமையைப் பறிக்காமல், அதன் நிர்வாகத்தை மட்டும் நகரசபை ஏற்று ஏழைகளைக் குடியமர்த்த வழி செய்தது. ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் காலியாயிருந்தன. அங்கு 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆபத்தான நிலையிலுள்ள வீடுகளுக்கு வரிச்சலுகையை நீக்கவும், தேவையெனில் இடிக்கவும் உள்ளூராட்சிக்கு அதிகாரம் தந்தது.

மினியாபொலிஸ் நகரில் ஒரு மூதாட்டியின் வீடு, ஏறத்தாழ 15,000 டாலர் வரிப்பாக்கிக்காக எடுக்கப்பட்டு 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மீதியையும் கௌண்டி நிர்வாகமே வைத்துக்கொண்டது. இது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடனுக்கு மிஞ்சியது வீட்டுக்காரரைச் சேரும் என்னும் நெறியை நமது 1882ஆம் ஆண்டுச் சட்டம் முன்னமே கைக்கொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ளலாம்.

6. இன்றைய நாட்கணக்கு

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் நமது நாட்டில் மீட்கும் நாளை மிகவும் சுருக்கியது. தவணைகள் 90 நாள் தவறினால் கடன் செயலற்ற கடனாகிறது. பின்பு வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புகிறது. அது கடந்தால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே வீட்டைக் கைக்கொள்ளலாம். 30 நாள் அறிவிப்பின்பின் விற்கலாம். முன்னர் விற்பனை முடிந்து பத்திரம் பதிவாகும்வரை கடனாளி மீட்டுக்கொள்ள இயன்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமையை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு நிறுத்தியது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விவசாய நிலத்துக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது. லேவியராகமத்தில் கண்ட அதே வேற்றுமை இங்கும் நிற்கிறது. ஆனால் மதில் சூழ்ந்த பட்டணத்தின் ஒரு வருடம் இப்போது சில மாதங்களாகிவிட்டது.

வங்கிப் பணம் பொதுமக்களின் சேமிப்பு. அது திரும்பாவிட்டால் வேறொரு ஏழையின் வைப்புத்தொகை கெடும் என்பது உண்மையே. நாள் கொடுப்பதற்கு எல்லை வேண்டும் என்பதும் உண்மையே. 60 ஆண்டுகள் யாருக்கு என்று தெரியாமல் கிடக்கும் வீடு கூரை சரிந்து விழும். ஆயினும் கடன்பட்டவனுக்கு நாள் எண்ணும் சட்டம், பூட்டி வைத்தவனுக்கு நாள் எண்ணுவதில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்திய நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம் வீடுகள் காலியாயிருந்தன. அடுத்த ஆண்டில் அரசின் நிபுணர் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையோ 1 கோடியே 88 இலட்சம். வீடற்றோர் ஒருபுறமும் ஆளற்ற வீடுகள் மறுபுறமும் ஒரே நகரத்தில் நின்றன.

ஏற்காட்டில் இவ்வேற்றுமை கண்கூடு. சமவெளியில் வாழ்வோர் விடுமுறைக்காகக் கட்டிய வீடுகள் ஆண்டில் சில வாரங்களே திறக்கப்படுகின்றன. அவற்றின் காவல்காரரும் தோட்ட வேலை செய்வோரும் அருகிலுள்ள சிற்றூர்களிலும் லயன்களிலும் நெருக்கமாக வாழ்கின்றனர். 1990 முதல் மலையிடப் பாதுகாப்பு விதிகள் இம்மலையில் புதிய கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. மண்சரிவையும் நீர்க்குறைவையும் எண்ணினால் அது நியாயமே. ஆகவே மலையில் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போக இயலாது. இருக்கும் வீடுகளை எவ்விதம் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வியாகிறது.

7. திருச்சபையின் திறவுகோல்கள்

இக்கேள்வியைப் பிறரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திருச்சபை ஒதுங்கி நிற்க இயலாது. அமெரிக்க மதுரை மிஷனார் காய்ச்சலுக்குத் தப்பும்படி 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். பிற மிஷன் சங்கங்களும் தென்னிந்திய மலைகளில் இளைப்பாறும் பங்களாக்களை அமைத்தன. அன்று அவை உயிர்காக்கும் இடங்களாயிருந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், அதில் இணைந்த மிஷன்களின் சொத்துகள் படிப்படியாக அதன் டிரஸ்ட் அசோசியேஷனுக்கு மாற்றப்பட்டன. காய்ச்சலின் அச்சம் நீங்கிற்று; பங்களாக்கள் நின்றன. அவற்றுள் சில பள்ளிகளாயின, சில தியான இல்லங்களாயின. சில ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன.

மேலும், 1976இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, மதச் சார்பான பொது அறநிறுவனங்களின் கட்டடங்களை 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலிருந்து விலக்கியது; 1985இல் உச்ச நீதிமன்றமும் அவ்விலக்கு செல்லும் என்றது. அறப்பணிக்கு வருவாய் வேண்டும் என்பதே அதற்குக் கூறிய காரணம். அதன் விளைவாக, மற்ற வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்திய சட்டம் கோவிலையும் மசூதியையும் திருச்சபையையும் கட்டுப்படுத்தவில்லை. குடியிருப்போருக்கு எத்தனை நாள் கொடுப்பது என்பது, ஒப்பந்தத்துக்கு அப்பால், நமது மனச்சாட்சிக்கே விடப்பட்டது. சட்டம் இவ்வளவு தாராளமாக விலகி நின்ற இடத்தில் நாம் சட்டத்தைவிட இரக்கமாய் நடந்தோமா என்பதைச் சபையின் சொத்துக் குழுக்கள் ஆராய வேண்டும். லேவியரின் வீடுகளுக்கு மட்டும் மீட்புக்காலம் முடிவதே இல்லை என்று மோசேயின் சட்டம் கூறியது. நிலத்தில் பங்கில்லாத அவர்கள் குடியிருக்க இடமின்றிப் போகலாகாது என்பதே அச்சலுகையின் காரணம். பல வீடுகளை உடையவர்கள் அச்சலுகையைத் தங்களுக்குரியதாக எண்ண இடமில்லை.

செய்யத்தக்கவை மிகப் பெரியனவல்ல. ஒவ்வொரு பேராயமும் தன் பொறுப்பிலுள்ள வீடுகளுள் ஓராண்டாகப் பூட்டிக் கிடப்பவை எவை என்று பட்டியல் எடுத்து, அதைப் பேராய மன்றத்தின் முன் வைக்கலாம். இங்கிலாந்தின் முறையைப் போல, உரிமையை விட்டுக்கொடுக்காமலே, குறித்த ஆண்டுகளுக்கு அவ்வீடுகளை மலைச் சிற்றூர்களின் மாணவர் தங்கவோ, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர் குடியிருக்கவோ ஒதுக்கலாம். சபையாருள் ஒருவரின் கதவில் வங்கியின் அறிவிப்பு ஒட்டப்படும்போது, அவர் வெட்கத்தால் ஆலயத்துக்கு வராமலிருக்க நேரிடுகிறது. அந்த 60 நாட்களுக்குள் அவருக்காக வங்கியிடம் பேசவும், சட்டம் அறிந்தவரை அமர்த்தவும், இயன்றால் நிலுவைத் தவணையைக் கடனாகக் கொடுத்துதவவும் சபையில் சிறு நிதி ஒன்று இருக்கலாம். ஏல அறிவிப்பு வெளியான பின்பு செய்யும் உதவி பயன்படாது என்பதை மேலே கண்டோம்.

கோடரி செய்தவன் யார் என்று அறியாமலே அவனுடைய கற்கருவிகளை இராபர்ட் புரூஸ் ஃபுட் திரட்டினார். எல்லாக் குடியிருப்புகளும் ஒரு நாள் வெறுமையாகும் என்பதற்கு அவருடைய சேகரிப்பு சான்றாகும். அதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் கடனாலும் பஞ்சத்தாலும் வீட்டை விட்டவனுக்குத் திரும்பி வர எத்தனை நாள் என்பதை மனிதரே தீர்மானிக்கிறார்கள். பிரிவி கவுன்சில் தீர்மானித்தது. சேலத்து வழக்கறிஞர் தீர்மானித்தார். 2016இல் நாடாளுமன்றம் தீர்மானித்தது. நமது பொறுப்பிலுள்ள வீடுகளைப் பொறுத்தமட்டில் அத்தீர்மானம் அடுத்த சொத்துக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற வேண்டிய ஒன்றாகும்.